போட்டித் தேர்வு ஆங்கிலம்: தமிழ்வழி மாணவர் இலக்கணமும் சொல்லும் பழகும் முறை

தமிழ்வழியில் படித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்கு உட்காருபவர்களில் பலர், கணக்கையும் பொது அறிவையும் முதலில் கையில் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள். மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்தால் அது எவ்வளவு நஷ்டமான முடிவு என்பது தெரியும். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் நிலையில் 200 மதிப்பெண்ணுக்கு 50 மட்டுமே ஆங்கிலத்துக்கு உரியது. ஆனால் தரவரிசையைத் தீர்மானிக்கும் இரண்டாம் நிலையின் முதல் தாளில், கணக்குக்கு 90, ரீசனிங்குக்கு 90, பொது அறிவுக்கு 75 என்றிருக்க, ஆங்கிலத்துக்கு 45 கேள்விகளும் 135 மதிப்பெண்களும் இருக்கின்றன. வங்கிப் பணிக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் 30 ஆங்கிலக் கேள்விகளுக்கு 20 நிமிடம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்றப் பகுதிகளில் மிச்சம் பிடித்த நேரத்தை இதில் செலவழிக்க முடியாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் பொதுத்தமிழைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும், ஆங்கிலப் பகுதியே இல்லாத ரயில்வே என்.டி.பி.சி. எழுதுபவர்களுக்கும் இந்தக் கவலை இல்லை. எனவே எந்தத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் அண்மை அறிவிக்கையில் உள்ள பாடத்திட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படித்த பின்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

தொடங்கும் இடம் இலக்கணப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அல்ல. பெயர்ச்சொல் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, மூன்றாவது வாரத்தில் காலங்களைத் தொடும்போது சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடியவர்கள் ஏராளம். அதற்குப் பதிலாக, முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றிலிருந்து ஆங்கிலப் பகுதியை மட்டும் எடுத்து, கடிகாரம் வைக்காமல் விடையளிக்கவும். தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்போடு அதை ஒப்பிடவும். பிறகு ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து, தவறான ஒவ்வொரு கேள்வியையும் முழு வாக்கியமாகக் கையால் எழுதி, அதன் கீழே எதைத் தேர்ந்தெடுத்தோம், சரியானது எது, ஏன் தவறினோம் என்று குறிக்க வேண்டும். இந்த 'ஏன்' என்ற பகுதியைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் எழுதப் போனால் புத்தகத்தில் உள்ள விதியை அப்படியே பெயர்த்து எழுதத் தோன்றும். தமிழில் எழுதினால்தான் நம் மனம் எங்கே வழுக்கியது என்பது பிடிபடும். விதியே தெரியாததால் தவறியது ஒன்று, விதி தெரிந்தும் கண்ணில் படாதது இன்னொன்று, சொல்லின் பொருள் தெரியாதது மற்றொன்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இப்படி ஐந்தாறு தாள்களை முடித்ததும், தவறுகளில் பெரும்பகுதி தற்செயலானவை அல்ல என்பதும், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் அமைப்பதால் விளைபவை என்பதும் தெரியவரும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தையே விளக்காகப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தேடிப் பிடிக்கலாம் என்பதால், உண்மையில் இது வசதியான நிலைமை.

ஒரு பிழைகாணும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'ஒன் ஆஃப் தி புக்ஸ் ஆன் தி டேபிள் ஆர் மைன்.' மேலோட்டமாகப் படித்தால் காதுக்கு உறுத்தாது. 'புக்ஸ்' என்ற பன்மை இருப்பதால் 'ஆர்' சரியென்றே தோன்றும். இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'மேசைமேல் உள்ள புத்தகங்களுள் ஒன்று என்னுடையது.' தமிழில் எழுவாயாகிய 'ஒன்று' பயனிலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பதால், 'ஒன்று என்னுடையவை' என்று எவரும் தவறிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அந்த 'ஒன்' வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. அதற்கும் வினைக்கும் நடுவே பன்மைச் சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டு நம்மை ஏமாற்றுகின்றன. எனவே பயிற்சியின்போது 'ஆஃப்', 'ஆன்', 'இன்' போன்ற முன்னிடைச்சொற்களில் தொடங்கும் தொடர்களைப் பென்சிலால் அடைப்புக்குள் தள்ளிவிட்டு, எஞ்சியதை மட்டும் படிக்கும் பழக்கம் வேண்டும். 'ஒன் ... ஆர் மைன்' என்று மட்டும் நிற்கும்போது பிழை தானாகவே துருத்திக்கொண்டு தெரியும். 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்', 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ்' ஆகியவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

'ஏஸ் வெல் ஏஸ்', 'அலாங் வித்', 'டுகெதர் வித்' ஆகியவை வரும் கேள்விகளில் தடுமாறாதவர்கள் குறைவு. இவற்றை எல்லாம் 'அண்ட்' என்பதன் வேறு உருவங்களாக நாம் எண்ணிவிடுகிறோம். தமிழில் 'ஆசிரியரும் மாணவர்களும் வந்தார்கள்' என்பதும் 'மாணவர்களோடு ஆசிரியர் வந்தார்' என்பதும் ஒன்றா? முதலாவதில் 'உம்' இருவரையும் எழுவாயாக்குகிறது. இரண்டாவதில் மூன்றாம் வேற்றுமை 'ஓடு' ஏறிய மாணவர்கள் எழுவாயிலிருந்து விலகிவிடுகிறார்கள். 'அண்ட்' என்பது உம்; 'அலாங் வித்' வகையறா எல்லாம் ஓடு. இந்த ஒரு வரியை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைக்கலாம்.

முன்னிடைச்சொல் பிழைகளுக்கும் வேற்றுமை உருபுகளே துணை. 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி பிராப்ளம்' என்று எழுதுபவர் 'பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்' என்ற தமிழை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 'அபௌட்' போடுகிறார். அதே இடத்தில் 'பிரச்சினையை விவாதித்தோம்' என்று இரண்டாம் வேற்றுமையில் நினைத்தால் 'அபௌட்' தேவைப்படாது. 'அவளை மணந்தான்' என்பதில் 'ஐ' நேரடியாக வருவதுபோலவே 'மேரிட் ஹர்' என்பதில் 'வித்' வராது. 'சென்னையை அடைந்தான்' என்பதற்கு 'ரீச்ட் சென்னை' போதும், 'டு' வேண்டாம். 'அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்' என்பது 'ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்'. அதிலும் 'வித்' கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சூத்திரம் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. தமிழில் 'அறைக்குள் நுழைந்தான்' என்று உள் வருகிறது. ஆங்கிலத்தில் 'என்டர்ட் தி ரூம்' என்று வெறுமனே நிற்கிறது. தமிழில் 'பாட்டைக் கேட்டான்' என்று ஐ வருகிறது. ஆங்கிலத்தில் 'லிசன்ட் டு தி சாங்' என்று 'டு' கட்டாயம். ஆகவே ஒத்துப்போகும் வினைகளை ஒரு பக்கத்திலும், ஒத்துப்போகாதவற்றை எதிர்ப்பக்கத்திலும் எழுதிவர வேண்டும். ஒத்துப்போகாத பக்கம்தான் தேர்வில் மதிப்பெண் தரும் பக்கம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'ப்ரிஃபர்' ஆகியவற்றுக்குப் பின் 'தேன்' வராமல் 'டு' வரும் என்பதும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே.

காலங்களில், நம் ஊரில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை 'ஹி ஹேட் கம் யெஸ்டர்டே' என்பது. அலுவலகங்களிலும் இதைத் தாராளமாகக் கேட்கலாம். 'நேற்று அவர் வந்திருந்தார்' என்ற இயல்பான தமிழின் நிழல் அது. தமிழில் 'வந்திருந்தார்' என்றால் வந்தார், கொஞ்ச நேரம் இருந்தார் என்ற அளவில் பொருள் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'ஹேட் கம்' அப்படித் தனியாக நிற்காது. இறந்தகால நிகழ்ச்சிகள் இரண்டு இருந்து, அவற்றுள் முந்தியது எது என்று காட்ட வேண்டியபோதே அதற்கு வேலை. 'நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டிருந்தது' என்பது அதற்குப் பொருத்தமான இடம். ஒரே நிகழ்ச்சி என்றால் 'ஹி கேம் யெஸ்டர்டே' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. '2019இலிருந்து' என்று 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. 'ஐந்து வருடமாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபார்'. அவ்வளவுதான். ஆனால் வினையில் கவனம் தேவை: 'ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் ஹியர்' என்று சொல்லும். 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்ற வாக்கியத்தில் பிழை ஒன்றல்ல, இரண்டு.

இணைப்புச் சொற்களில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 'மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது' என்பதில் 'ஆலும்' தன் வேலையை முடித்துவிடுவதைப்போல், 'ஆல்தோ' வந்த வாக்கியத்தில் மறுபடி 'பட்' வராது. 'அன்லெஸ்' என்பது 'இல்லாவிட்டால்'; இல்லை என்பது அதற்குள்ளேயே இருப்பதால் அதன் பின்னால் 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்' என்ற ஜோடிகளுக்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடலாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'ஏன்', 'தி' ஆகிய ஆர்ட்டிகிள் தமிழில் இல்லை என்பதால் அது நமக்கு வராது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. 'தி' எங்கே வரும் என்பது நீண்ட நாள் வாசிப்பில் படியவேண்டிய விஷயம். ஆனால் 'எ', 'ஏன்' வேறுபாடு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: ஒரு மரம், ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வருவதுபோல உயிரொலிக்கு முன் 'ஏன்' வருகிறது. ஒலிதான் கணக்கு, எழுத்து அல்ல என்பதில்தான் தேர்வில் சிக்க வைக்கிறார்கள். அதற்கு ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. சந்தேகம் வரும் ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கவும். 'யுனிவர்சிட்டி' என்பது 'யு'வில் தொடங்குகிறது, உயிர்மெய். எனவே 'எ யுனிவர்சிட்டி'. 'எம்.எல்.ஏ.' உயிரெழுத்தில் தொடங்குகிறது. எனவே 'ஏன் எம்.எல்.ஏ.'. மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது 'எச்' முதலில் வந்தாலும் காதில் 'அ'தான் விழுகிறது. எனவே 'ஏன் அவர்'. 'ஒன் ருப்பீ காயின்' என்று வரும்போது மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். நாம் 'ஒன்' என்று எழுதிப் பழகியிருந்தாலும் உச்சரிப்பு 'வன்' என்பதால் அங்கே 'எ' வரும்.

இனிச் சொற்கள். 'தினமும் ஐம்பது சொல்' என்று பட்டியல் போட்டுப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐம்பதாவது சொல்லுக்கு வரும்போது ஐந்தாவது சொல் மறந்திருக்கும். மறுநாள் காலையில் ஐம்பதுமே மங்கியிருக்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாக நடந்துவிடுகிறது என்றும், பிறகு அதன் வேகம் தணிகிறது என்றும் காட்டினார். பொருளற்ற அசைகளுக்கு நேர்ந்தது, வாக்கியத்தில் சேராமல் பட்டியலில் தொங்கும் சொற்களுக்கும் நேரும்.

எனவே நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும். ஆனால் அந்தப் பத்தையும் விடக் கூடாது. வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நான்காக நறுக்கினால் நல்ல கெட்டியான அட்டைகள் கிடைக்கும். ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல். மறுபக்கத்தில் தமிழ்ப் பொருள், எதிர்ச்சொல், சொந்தமாக அமைத்த ஒரு வாக்கியம். 'ஃப்ரூகல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், 'சிக்கனமான' என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், 'மை கிராண்ட்மதர் இஸ் ஃப்ரூகல். ஷி ரீயூசஸ் எவ்ரி ஸ்வீட் பாக்ஸ்' என்று எழுதினால் அந்தச் சொல்லோடு பாட்டியும் வந்து நிற்பார், மறக்காது. எதிர்ச்சொல்லாக 'எக்ஸ்ட்ராவகன்ட்' என்பதையும், குழப்பக்கூடிய சொல்லாக 'மைசர்லி' என்பதையும் சேர்க்கவும். சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்றல்ல என்பது தமிழிலேயே நமக்குத் தெரியும். நான்கு விருப்பங்களில் இரண்டாக அவை வந்து நிற்கும்போது அந்த வேறுபாடுதான் கை கொடுக்கும்.

அட்டைகளை மூன்று டப்பாக்களில் பிரித்து வைக்க வேண்டும். முதல் டப்பாவை அன்றாடமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறையும் புரட்டவும். பொருள் சட்டென்று நினைவுக்கு வந்தால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். வராவிட்டால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரவலாக அறிமுகப்படுத்திய முறை இது. இதையே செய்யும் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன; ஆனாலும் எழுத்துக்கூட்டல் கேள்விகள் உள்ள தேர்வுக்குத் தயாராகிறவர் கையால் எழுதுவதே மேல்.

எழுத்துக்கூட்டலில் நமக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. தமிழில் 'படம்' வேறு, 'பட்டம்' வேறு. இரட்டித்த மெய் காதில் கேட்கும், பொருளையும் மாற்றும். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்தாலும் ஒலி இரட்டிப்பதில்லை. அதனால் காதை நம்பி எழுதுகிற நாம் 'அகாமடேஷன்' என்பதில் ஒரு 'எம்'மையும், 'எம்பாரஸ்' என்பதில் ஓர் 'ஆர்' எழுத்தையும் தவற விடுகிறோம். முன்னதில் இரண்டு 'சி', இரண்டு 'எம்'. பின்னதில் இரண்டு 'ஆர்', இரண்டு 'எஸ்'. இத்தகைய சொற்களுக்கு அட்டையில் இரட்டை எழுத்துகளை மட்டும் சிவப்பு மையில் எழுதினால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

பல சொற்களுக்கு ஒரு சொல் கேட்கும் பகுதியில், பள்ளியில் செய்த பகுபத உறுப்பிலக்கணத்தை நினைவுபடுத்திக்கொள்ளவும். பகுதி, விகுதி என்று பிரித்த அதே கையால் ஆங்கிலச் சொல்லையும் பிரிக்கலாம். 'சைடு' என்ற லத்தீன் ஈறு கொல்வதைக் குறிக்கும்: 'மேட்ரிசைடு' தாயைக் கொல்வது, 'ஃப்ராட்ரிசைடு' உடன்பிறந்தவனைக் கொல்வது, 'ரெஜிசைடு' அரசனைக் கொல்வது. 'க்ரஸி' என்ற கிரேக்க ஈறு ஆட்சியைக் குறிக்கும்: 'ப்ளூட்டாக்ரஸி' செல்வர்களின் ஆட்சி, 'தியாக்ரஸி' சமயத்தின் பெயரால் நடக்கும் ஆட்சி. 'ஃபில்' அன்பு, 'மிஸ்' வெறுப்பு. 'ஃபிலான்த்ரபிஸ்ட்' மனிதகுலத்தின்மேல் அன்பு கொண்ட கொடையாளர், 'மிசன்த்ரோப்' மனிதர்களையே வெறுப்பவர். ஒரு வேர் தெரிந்தால் ஐந்தாறு சொற்கள் கொத்தாக வந்துவிடும். வேரை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. 'இன்' முன்னால் வந்தால் எதிர்மறை என்று பழகியவர், 'இன்ஃப்ளேமபிள்' என்பதை எரியாத பொருள் என்று குறித்துவிடுவார். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். எரிவாயுவுடன் தொடர்புடைய சொல் என்பதால் இதைத் தேர்வுக்கு வெளியேயும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மரபுத்தொடர்களுக்கு நம்மிடம் இணையானது இருந்தால் அதையே பொருளாக எழுதிக்கொள்வது சுலபம். நிலக்கரி விளையும் ஊருக்கே நிலக்கரி சுமந்து போவதைக் குறிக்கும் 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பதற்குக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்பதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பது அத்தி பூத்தாற்போல. ஆனால் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்து உள்ளே வேறாக இருப்பவற்றை அடையாளம் கண்டு தனியே குறிக்க வேண்டும். 'புல் சம்வன்ஸ் லெக்' என்பதை நம் 'காலை வாருவது' என்று எண்ணித் துரோகம் செய்தல் என்ற விடையைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் போய்விடும். ஆங்கிலத்தில் அது விளையாட்டாகச் சீண்டுவது மட்டுமே. நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களும் இப்படித்தான். 'ஹெட்வெயிட்' என்று தலைக்கனத்துக்குச் சொல்கிறோம். அது நாமே செய்துகொண்டது. 'கசின் பிரதர்' என்பதில் 'பிரதர்' மிகை. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை.

வாசிப்பு இல்லாமல் மேற்சொன்ன எதுவும் நிலைக்காது. ஆனால் முதல் நாளிலேயே 'தி இந்து'வின் தலையங்கத்தில் கை வைத்து, வரிக்கு நான்கு சொல் தெரியாமல் திணற வேண்டியதில்லை. அன்றைய செய்தியைத் தமிழ் நாளிதழில் முதலில் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் படித்தால், விஷயம் தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகவே பொருள் காட்டும். விளையாட்டுப் பக்கத்திலோ மாவட்டச் செய்தியிலோ இதைத் தொடங்கி, இரண்டு மாதம் கழித்துத் தலையங்கத்துக்கு வரலாம். படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்காமல், பத்தி முடிந்தபின் மறுபடி மறுபடி எதிர்ப்பட்ட சொல்லை மட்டும் அட்டைக்கு மாற்றவும்.

கடிகாரத்தை எப்போது வைப்பது? நோட்டில் புதிய வகைத் தவறு வருவது குறைந்து, பழைய வகைத் தவறுகளே திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்போது. அதுவரை வேகப் பயிற்சி தவறுகளைத்தான் வேகமாக்கும். நேரம் வைத்து எழுதத் தொடங்கிய பின், தெரியாத கேள்வியில் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சி.ஜி.எல். இரண்டாம் நிலையில் சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழிவு. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விருப்பத்தையாவது உறுதியாக விலக்க முடிந்தால் குறிப்பது லாபம். ஐந்து விருப்பங்களும் கால் மதிப்பெண் கழிவும் உள்ள வங்கித் தேர்விலும் கணக்கு இதேபோலத்தான் வருகிறது. பிழைகாணும் கேள்வியில் 'காதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது' என்பதற்காக மட்டும் ஒரு பகுதியைக் குறிக்காமல், தமிழில் ஒரு காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் குறிப்பது என்று பழகினால், கழிவு குறைவதைச் சில தாள்களிலேயே பார்க்கலாம்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிய அட்டை எழுதுவதை நிறுத்திவிட்டு, முதல் டப்பாவில் இன்னும் தேங்கிக் கிடப்பவற்றையும், நோட்டில் 'விதி தெரியும், கண்ணில் படவில்லை' என்று குறித்த வாக்கியங்களையும் மட்டும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவும்.